எண்ணெய் போடாத கேட்

செவ்வாய், இரவு.

“எம்பேரு வெளிய வராதுல்லா, சார்?” போன வாரம் விடுதி வாசலில் மைக்கை நீட்டியபோது கலா கேட்டாள். தென்காசிப் பெண், வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் வேலை. கான்ட்ராக்டர் நடத்தும் விடுதியின் சோற்றில் புழு இருந்ததைச் சொன்னாள். “பேர் வராது, குரலையும் மாத்திடுவோம்” என்றேன். மாற்றினோம்.

பின்னணிச் சத்தத்தை மட்டும் நான் வெட்டவில்லை. குழம்புக்குத் தாளிப்பு மாதிரி, பேச்சுக்கு இடத்தின் சத்தம் வேண்டும் என்று எங்கள் சமுதாய வானொலியில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவன் நான்தான்.

நேற்று ஒலிபரப்பானது. இன்று காலை வார்டன் அம்மா அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

“எண்ணெ போடாத நம்ம கேட்டு ரேடியோல பாடுது. அன்னிக்கு கேட்டாண்ட அந்த ரேடியோ வாத்தியாரோட பேசிகினு இருந்தவ நீதான?”

மாலைக்குள் வேலையும் போயிற்று, அறையும் போயிற்று. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் பெட்டியோடு உட்கார்ந்து எனக்குப் போன் செய்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“நீங்க சொன்னாப்ல பேரு வரல, சார்” என்றாள்.

எனக்கு நானே எழுதி வைக்கிறேன்:

இனி எந்தப் பதிவையும் ஒலிபரப்புமுன், பேசுகிறவரை விட்டுவிட்டு, பின்னால் கேட்பதை மட்டும் ஒருமுறை கேள்.