ஓடிய வண்டியை நின்றது என்கிறார்கள்

13.9.1983, செவ்வாய்

எங்கள் கம்பெனி புதிதாகச் செய்த பேட்டரி வேனைச் சோதனைக்காக இன்று என் ஊர் பழவேற்காட்டில் நானே ஓட்டினேன். மீன் வியாபாரி கன்னியம்மாவின் ஆறு கூடை இறாலையும் ஐஸையும் ஏற்றிக்கொண்டு பொன்னேரி சந்தைக்குப் போய்த் திரும்பினோம். வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை.

“இன்னா பாய், சத்தமே இல்லாம பூட்டு வந்துட்ச்சே! இறாலு மேல டீசல் நாத்தமே இல்ல!” என்று கன்னியம்மா சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கூட வந்த மேனேஜர் ஒரு தாளை நீட்டி, சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். வண்டி மணலில் நின்றுவிட்டதாம், இறால் கெட்டுப்போனதாம். தாளில் நேற்றைய தேதி! வண்டி ஊருக்குள் வருவதற்கு முன்பே டைப் அடித்திருக்கிறார்கள்.

“இது பொய் சார்” என்றேன்.

“காதர், இந்த வண்டி வந்தா நம்ம டீசல் இஞ்சின் ஷாப்பை மூடணும். நீங்களும் அங்கதானே இருபது வருஷமா வேலை பாக்கிறீங்க? யோசிங்க.”

அந்தப் பயம் எனக்கும் உண்டு. நானூறு குடும்பத்தின் சோறு அது. அப்படியென்றால் அந்தப் பயத்தையே எழுதுவதுதானே! எங்கள் ஊர் மணல் மேலும் கன்னியம்மாவின் சரக்கு மேலும் எதற்காகப் பழி போட வேண்டும்?

பேனாவை வாங்கி, “வண்டி நிற்கவில்லை. இறால் கெடவில்லை. ஓட்டியவன் நான்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் முகம் சிவந்து தாளை நாலாகக் கிழித்தார். வேறு டைப் அடித்துக்கொள்வாராம். அடித்துக்கொள்ளட்டும். அதில் என் பெயர் இருக்காது.