கதவைத் தள்ளியது நான்

கல்மண்டபம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஃப்ளோரன்ஸுக்கு அப்பா எழுதுவது. மாதா தயவில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று இன்றைய பூசையிலும் கேட்டுக்கொண்டோம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பின்சுவரில் ஈரம் ஏறிவிட்டது, மழைக்கு முன் பூச வேண்டும். அமெரிக்காவில் உங்கள் பள்ளிக்கூடத்தில் இனி டீச்சர்களும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், நானும் பேர் கொடுக்கப் போகிறேன் என்று நீ போனில் சொன்னபோது அம்மா அழுதுகொண்டே, வாங்கிக்கோ கண்ணு என்று சொல்லிவிட்டாள். நான் போனை அம்மாவிடமே விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய், கோபமில்லை. எழுதிக் கொடுத்தால் போட்டோ எடுத்து அனுப்புவதாக எதிர்வீட்டு ஜாபர் சொன்னான், அதனால் எழுதுகிறேன்.

நீ லீவுக்கு வந்திருந்தபோது தெருக்கோடி வெள்ளத்துரை இறந்து ஊர்வலம் போனதே, அன்று நடந்ததை நாம் திரும்பப் பேசவே இல்லை. சரவெடி வெடித்ததும் வாசலில் விளையாடிய ஜாபர் மகள் ஆஃபியாவையும் மற்ற பிள்ளைகளையும் வாரிக்கொண்டு சமையலறைக்குள் போய்த் தாழ் போட்டாய். நான்தாம்மா, அப்பா, சாவுக்கு வெடிக்கிறானுங்கம்மா, இன்னா ஆச்சு, தொறம்மா என்று கத்தினேன். பதில் இல்லை. மயங்கி விழுந்துவிட்டாயோ என்று பயந்து தோளால் இடித்தேன், தாழ் பிய்த்துக்கொண்டது. இருட்டுக்குள்ளிருந்து மீன் வெட்டும் கத்தி என் நெஞ்சுக்கு வந்து நின்றது. நீ என்னைப் பார்த்தாய், ஆனால் நான் யாரென்று உனக்குத் தெரியவில்லை. பிறகு கத்தியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து குலுங்கி அழுதாய். ஸ்கூல்ல எவனாவது துப்பாக்கியால சுட்டா, தெரிஞ்ச குரல் கூப்பிட்டாலும் தொறக்கக் கூடாதுன்னுதாம்பா எங்களுக்குப் பழக்கியிருக்காங்க என்றாய். அக்கா ஒரு கையால என்னப் புட்சிக்கினே இருந்துச்சு தாத்தா, வுடவே இல்ல என்று ஆஃபியா இன்னும் சொல்கிறாள்.

கத்தியாக இருந்ததால் நின்றது மகளே. துப்பாக்கியாக இருந்திருந்தால்? நான் போனால் போகிறேன், வயதானவன். அங்கே உன் வகுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவது, பாத்ரூம் போய் வெளியே மாட்டிக்கொண்ட ஒரு பிள்ளையாக இருந்தால் என்ன செய்வாய்? பேர் கொடுக்காதே. கெட்டவனே வந்துட்டா என்னப்பா செய்யிறது என்று நீ கேட்பாய். புறப்பட்டு வந்துவிடு என்று சொல்லத்தான் வாய் வருகிறது, அந்தப் பிள்ளைகளை யாரிடம் விட்டு வருவது என்பாய், அதனால் அடக்கிக்கொள்கிறேன்.

உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். ஆண்டவர் உன்னையும் உன் வகுப்புப் பிள்ளைகளையும் காக்கட்டும். பள்ளிக்கூடம் விட்டதும், வெளியே வந்துவிட்டேன் என்று தினமும் ஒரு வார்த்தை அனுப்பு, மறந்துவிடாதே. காலையில் அதைப் பார்த்த பிறகுதான் அம்மா அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

உன் அப்பா,
இக்னேஷியஸ்