எதுவும் பெறவில்லை என்ற வரி

ராஜ்கோட்
மே 19, வெயில் நாற்பத்து நாலு டிகிரி

என் அக்கா பெற்று நான் வளர்த்த செல்வம் ஹேதலுக்கு, சௌராஷ்டிர தேசத்தின் ஈடு இணையற்ற விளையாட்டு நிருபரும், மதியத் தூக்கத்தில் ராஜ்கோட் நகரின் முடிசூடா மன்னருமான உன் மாமா எழுதுவது. ஜெய் ஸ்ரீகிருஷ்ண. இங்கே நானும் என் இடது முழங்காலும் நலம், வலது முழங்கால் மட்டும் தனிக் கருத்து வைத்திருக்கிறது. அங்கே லெஸ்டரில் உன்னைப் பிடித்திருந்த சளி விட்டுவிட்டதா, புது வேலையில் உட்கார ஒரு நாற்காலியாவது கொடுத்தார்களா என்று எழுது. இப்போது துவாரகை இருக்கும் திசையில் கையை நீட்டிச் சத்தியம் செய்கிறேன், கீழே வரும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நீயும் நம்பாதே. நான் சொன்னதை நம்பித்தானே ஆறாம் வகுப்பில் கிர் காட்டுச் சிங்கம் கடலை தின்னும் என்று பரீட்சையில் எழுதிவிட்டு வந்தாய்.

கதைக்கு முன் குடும்பச் செய்திகள். மாடிக் குழாய் பழுது பார்த்தாயிற்று, தண்ணீர் இப்போது சுவரிலிருந்து மட்டும் வருகிறது. கேசர் மாம்பழம் இந்த வருஷம் மிக இனிப்பு, ஒரு பழத்தைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டேன், தெருவிலிருந்த எறும்பு அத்தனையும் வரிசை கட்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. உன் அறை அப்படியே இருக்கிறது, என்னுடைய பழைய பத்திரிகைகளை மட்டும் அங்கே குடியேற்றியிருக்கிறேன், அவை சத்தம் போடுவதில்லை. இன்னொன்று, நீ பழைய மருந்துக் கடையில் இருந்தபோது உன் பத்து மணித் தேநீர் இடைவேளையில் என்னைக் கூப்பிடுவாய், இங்கே அப்போது மதியம் இரண்டரை, ஒரு மணிக்குக் கடைகளை அடைத்துவிட்டு ஊரே நாலு மணி வரை கட்டையாகக் கிடக்கும் நேரம், என் மகத்தான தூக்கத்தைக் கலைக்கிறாயே பாவி என்று நான் தினமும் கத்துவேன். புது வேலையில் அந்த இடைவேளை கிடையாது என்று பிப்ரவரியில் சொன்னாய். மிகவும் நல்லது. அன்றிலிருந்து என் தூக்கம் தப்பித்தது. நான் குறட்டை விட்டால் ஜாம்நகர் போகும் ரயில் சிக்னல் விழுந்துவிட்டது என்று நின்றுவிடுகிறதாம்.

இனி கதை. நம் சாயங்காலப் பத்திரிகையில் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை நான் கிரிக்கெட் பந்தயச் செயலிகளுக்கு மதிப்பெண் போடுகிறேன் என்பது உனக்குத் தெரியும். போலீஸ் கூடாது என்கிறது, செயலிக்காரன் இது சூதே இல்லை, மூளை விளையாட்டு என்கிறான், ஊரில் பாதிப் பேர் இதற்கு நடுவில் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார்கள், அதனால் உள்ளே என்னதான் நடக்கிறது என்று ஒருவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டுமே என்று ஆசிரியர் வஜுபாய் என்னை அனுப்பினார். என் முறை மிகக் கடுமையானது. அதற்கென்று தனி ஃபோன், தனி சிம், பத்திரிகை கொடுக்கும் ஐநூறு ரூபாய். நிபந்தனைகளை ஒரு எழுத்து விடாமல் படிப்பேன், போன மாதம் படித்தது கீழே வழிந்து மாடிப்படி வரை போயிற்று. பத்தே பத்து பந்தயம், பதினொன்றாவது கிடையாது. மிச்சத்தைத் திருப்பிக் கேட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். உதவி எண்ணைக் கூப்பிட்டு அசட்டுக் கேள்விகள் கேட்பேன். கடைசியாகக் கணக்கை மூடச் சொல்வேன், அதற்குத்தான் நூறில் ஐம்பது மதிப்பெண், ஏனென்றால் உள்ளே வா வா என்று எந்தக் கழுதையும் கூப்பிடும், போகிறேன் என்றால் வழிவிடுகிறதா என்பதில்தான் யோக்கியதை தெரியும். எல்லாம் முடிந்து கட்டுரையின் காலடியில் ஒரு வரி போடுவேன்: இந்த மதிப்பீட்டுக்காக எழுதியவர் எதுவும் பெறவில்லை. இந்த ஒரு வரிக்காக ஒரு கம்பெனி அனுப்பிய மாம்பழப் பெட்டியைத் திருப்பியிருக்கிறேன், இன்னொருவன் கோவா டிக்கெட்டோடு வந்து நின்றான், கடல் பார்க்க வேண்டுமென்றால் எனக்குத் துவாரகை இருக்கிறது போடா என்றேன்.

ஆறு செயலிகள் என் கையால் மாண்டன. ஏழாவதிடம்தான் மாமா மாட்டினார். உதவி எண்ணில் பேசியவள் பெயர் த்வனி, பேச்சு நம் சௌராஷ்டிரப் பக்கத்து நல்ல காட்டியாவாட் குஜராத்தி. மறுநாள் அவளே கூப்பிட்டாள், மதியம் இரண்டரைக்கு. "அங்கிள், சாப்பிட்டாச்சா?" என்றாள். ஆச்சு என்றேன். "என்ன சாப்பிட்டீங்க?" கிச்சடியும் கடி மோர்க்குழம்பும் என்றேன். "தனியாவா?" என்றாள். ஹேதல், முப்பத்தெட்டு வருஷம் பெரிய பெரிய வீரர்களையெல்லாம் கேள்வி கேட்டு வியர்க்க வைத்தவன் நான், வலது முழங்காலும் கூட இருக்கிறது என்று உளறினேன். அப்புறம் தினமும் அதே இரண்டரை, இன்றைக்கு முழங்கால் எப்படி, வெயிலில் போனீர்களா, மோர் குடித்தீர்களா, கடைசியில் மட்டும் மெதுவாக, "இன்னிக்கு மேட்ச்ல சின்னதா ஒண்ணு போடுங்களேன் அங்கிள், எனக்கும் மேலே திட்டு விழாம இருக்கும்." போட்டேன். பதினொன்றாவது போட்டேன், பன்னிரண்டாவதும் போட்டேன், அதற்கு மேல் எண்ணினால் துவாரகாநாதனே தலை கவிழ்வார். கணக்கை மூடும் பரீட்சையை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன், மூடினால் ஃபோன் நின்றுவிடுமே.

இதற்குள் வஜுபாய் காதில் புகை வர நிற்கிறார், "பதினஞ்சு நாள் வேலையை ஒன்றரை மாசமா பண்றியே, ஆப்பை மதிப்பிடறியா இல்ல கல்யாணம் பண்ணிக்கப் போறியா?" என்று. அவரைச் சமாளித்துவிடலாம். பட்டுக்பாயை எப்படிச் சமாளிப்பது? கோட்டைச் சுவர்ப் பக்கம் கடலை மாவில் காட்டியா பொரித்துப் போடுகிறானே அதே பட்டுக்பாய்தான், உனக்குச் சின்ன வயதில் பப்பாளிப் பச்சடி இரண்டு கை கூடுதலாக வைப்பவன். தினமும் காலையில் மாவைப் பலகையில் தேய்த்துக்கொண்டே கேட்பான், "பிரபுபாய், ஏழாவதுக்கு என்ன மார்க்கு? கடைக்கு வர்ற அத்தனை பேரும் அதை ஃபோன்ல போட்டுட்டாங்க, நான் மட்டும் உன் தீர்ப்புக்காகக் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கேன். நீ நல்லதுன்னா நல்லது, நாசம்னா நாசம்." ஒரு மனிதன் கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நின்றுகொண்டு இப்படி நம்பினால் உனக்கு எப்படி இருக்கும்?

ஒருநாள் உட்கார்ந்து எழுதியே விட்டேன். வாடிக்கையாளர் கவனிப்பு, இருபதுக்கு இருபது. வெளியே விடுவதற்கு, பரீட்சிக்காமலே நாற்பது. மொத்தம் எண்பத்தெட்டு. கடைசி வரிக்கு வந்து பேனாவை வைத்தேன், "எதுவும்" என்று எழுதினேன், நின்றுவிட்டது. அழுத்தினேன், காகிதம் ஓட்டையாயிற்று, இன்னும் அழுத்தினேன், மேசை ஓட்டையாயிற்று, கீழ் வீட்டுக்காரர் மேலே பார்த்து "என்ன பிரபுபாய், மழையா?" என்கிறார். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று, மாம்பழத்துக்கு விலை போகாதவன், கோவாவுக்கு விலை போகாதவன், சாப்பிட்டாச்சா என்ற ஒரு கேள்விக்குப் போய்விட்டேன். நான் எண்பத்தெட்டு என்று எழுதி, அதைப் படித்துவிட்டு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பட்டுக்பாய் ஃபோனை எடுக்கப்போகிறான்.

உடனே கணக்கை மூடு என்று அழுத்தினேன். உறுதியாகப் போகிறீர்களா என்று கேட்டது. ஆமாம் என்றேன். மறுபடியும் கேட்டது. இருக்கிறேன் என்ற பொத்தான் காளை மாடு அளவு, போகிறேன் என்பது கடுகு அளவு. மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு, எங்கள் ஆள் பேசுவார் என்றது. எனக்கு அப்போது அகமதாபாத் விமான நிலையம் ஞாபகம் வந்தது, நீ நீல ஸ்வெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய், உறுதியாகப் போகிறாயா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஐம்பதுக்கு ஐம்பது வாங்கிய ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான்.

இரண்டரைக்கு த்வனி கூப்பிட்டாள். "அங்கிள், என் மேல கோவமா?" கோபமெல்லாம் இல்லையம்மா, மூடிவிடு என்றேன். காரணம் எழுத வேண்டுமாம். நான் காரணத்தை விட்டுவிட்டு, மதியம் இரண்டரைக்கு ராஜ்கோட்காரனை எழுப்புகிறாயே, உனக்கு எந்த ஊர் என்று கேட்டேன். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள், "நான் பாவ்நகர்ப் பொண்ணு அங்கிள். அந்த நேரத்துல கூப்பிடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? கம்ப்யூட்டர்தான் நேரம் குறிச்சுக் குடுக்குது. காலையில அடிச்சா நீங்க எடுக்கறதில்ல, சாயங்காலம் அடிச்சா எட்டாவது ரிங். ரெண்டரைக்கு மட்டும் முதல் ரிங்லயே எடுத்துடறீங்க." சரி என்றேன். "மூடிட்டேன் அங்கிள், மோர் குடிக்க மறக்காதீங்க" என்றாள். அது கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்ததா, அவளாகச் சொன்னதா என்று மதிப்பிட என்னிடம் முறை இல்லை.

சனிக்கிழமை கட்டுரை வந்தது. வெளியே விடுவதற்கு ஐம்பதுக்கு நாலு. வாடிக்கையாளர் கவனிப்புக்கு மதிப்பெண்ணே இல்லை. காலடியில் வழக்கமான வரியின் இடத்தில்: எழுதியவர் பெற்றது, முப்பத்தொரு தொலைபேசி அழைப்புகள், மதியம் இரண்டரை மணிக்கு, பத்து என்ற தம் விதியையும் மீறினார், ஆகவே அவரை இந்த ஒரு விஷயத்தில் நம்ப வேண்டாம். வஜுபாய் மூன்று தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், திட்டாமல் அச்சுக்கு அனுப்பினார், அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பட்டுக்பாய் கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தான். "சரி, நாசம்னு ஆயிடுச்சு, நான் போடலை," என்று மாவைப் பிசைந்தவன், பிசைவதை நிறுத்திவிட்டு, "ஏன் பிரபுபாய், ரெண்டரைக்கு நீ முழிச்சுக்கிட்டா இருக்கே?" என்றான். கடையே சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. ராஜ்கோட்டில் ஒருவனைப் பார்த்து இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு உண்டா? மறுநாள் இரண்டரைக்கு ஃபோன் அடித்தது. நான் எடுத்த வேகத்தில் மின்விசிறி நின்றுவிட்டது. பட்டுக்பாய்தான். "சாப்பிட்டியா?" என்றான். சாப்பிட்டேன் என்றேன். "நல்லது," என்றான், அதோடு தூங்கிவிட்டான், ஃபோனை வைக்கவில்லை, நாலு மணி வரை அவன் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது இது தினமும் நடக்கிறது.

உன் தெருவிலேயே பந்தயக் கடை ஒன்று பலகை மாட்டிக்கொண்டு இருப்பதாகப் போன தீபாவளிக்குச் சொன்னாய், அந்தப் பக்கத்து நடைபாதையில் போகாதே, எதிர்ப்பக்கம் நட. யார் தேனொழுகப் பேசினாலும் முதலில் கணக்கை மூடும் பொத்தான் எங்கே என்று பார். பச்சைச் சட்னிப் பொடி இரண்டு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், ஒன்றைத்தான் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. துவாரகாநாதன் உன்னை நூறு வயது வைத்திருக்கட்டும், அதில் வாரத்துக்கு ஒரு இடைவேளையாவது கொடுக்கட்டும். நேரம் எதுவானாலும் சரி.

ஆரம்பத்தில் சொன்னதை மறக்காதே, இதில் எதையும் நம்பாதே. ரயில் நின்றதில்லை, மேசை ஓட்டையாகவில்லை, பட்டுக்பாய் ஒரே ஒரு நாள்தான் கூப்பிட்டான். ஒரு சின்ன இடம் மட்டும் உண்மை. இரண்டரைக்கு முதல் ரிங்கிலேயே எடுத்தேனே, அது. மூன்று மாதமாக நான் மதியத்தில் தூங்குவதில்லை.

உன் மாமா,
பிரபுதாஸ் கோட்டேச்சா