லாமிங்டன் மேல் விழுந்த தூசி

லான்செஸ்டன்,
9 மார்ச் 2009

மாண்புமிகு இடிப்பு மேற்பார்வையாளர் டெஸ்மண்ட் ஹாலிக் அவர்களுக்கு,

புகாரை எழுத்தில்தான் தர வேண்டுமாம். உங்கள் வேலியில் எழுதித் தொங்குகிறது. தந்துவிட்டேன். ஊரில் இத்தனை பேர் இருக்க, என் பேக்கரியை ஒட்டிய எட்டு மாடி அலுவலகத்தை இடிக்க என் முன்னாள் புருஷனையா அனுப்புவார்கள்? பன்னிரண்டு வருஷக் கல்யாணத்தை இடித்த அனுபவம் போலும். உங்கள் தூசி, தேங்காய்ப்பூ புரட்டிய என் லாமிங்டன் கேக் மேல் விழுகிறது. நேற்று ஒருத்தர், "என்னம்மா, தேங்காய்த்தூள் நறநறங்குது?" என்கிறார்.

லியோனி
(ஹாலிக்கை உதறிப் பதினொரு வருஷம்)

11 மார்ச்

அன்புள்ள லியோனி,

"அன்புள்ள" கம்பெனித் தாளில் அச்சாகி வருவது, நான் பொறுப்பல்ல.

தூசி எங்களுடையதில்லை. மேலிருந்து ஒவ்வொரு மாடியாகப் பிரிக்கிறோம். நனைக்காமல் எதையும் தொடுவதில்லை. தூள் நுரையீரலை அரிக்குமே என்று ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை விண்வெளி வீரன் வேஷத்தில், உடையாமல் கழற்றி, இரண்டு உறை போட்டுக் கட்டுகிறோம். இந்தப் பதவிசில் கால்வாசியை வீட்டில் காட்டியிருந்தால் நீ இன்னும் ஹாலிக்காகவே இருந்திருப்பாய்.

வெள்ளிக்கிழமை உன் கடையின் பழைய விரிசல்களைப் படம் எடுக்க வருவேன். பிற்பாடு நாங்கள்தான் விரிசல் விட வைத்தோம் என்று நீ சாதிக்கக் கூடாதே.

டெஸ்

14 மார்ச்

டெஸ்,

நாற்பத்தொரு விரிசலைப் படம் எடுத்தாய், எனக்கு ஒரு வணக்கம் இல்லை. பின்கட்டு அடுப்படியில் அண்ணாந்து பார்த்தவன், "கடையைப் பூட்டு. இப்பவே பூட்டு!" என்று கத்தினாய். "ஈஸ்டர் பன்னுக்கு நானூறு ஆர்டர் இருக்கு, உங்கப்பன் வந்து சுடுவானா?" என்றேன். ஓடிவிட்டாய். இடிப்பையும் நிறுத்திவிட்டாயாம். பூட்டியிருக்கிறேன். காரணம் எழுத்தில் வேண்டும்.

லியோனி

15 மார்ச்

லியோனி,

இது கம்பெனித் தாள் இல்லை.

1986 நினைவிருக்கிறதா? நமக்குக் கல்யாணமான வருஷம். இப்போது நான் இடிக்கிற இதே கட்டடத்தில் ஒரு மாடியைப் புதுப்பித்தார்கள். நான் அங்கே எடுபிடி. கழித்துப்போட்ட தகடுகளை ஓசியில் வண்டியேற்றி வந்து உன் அடுப்படிக்கு உட்கூரை அடித்தேன். நீகூட விசிலடித்தாய். இங்கே உறை போட்டுக் கட்டுகிறேனே, அதே தகடு. எங்கள் அதிர்வில் ஆணி இளகித் தகடு இப்போது வெடித்திருக்கிறது.

தூசி எங்களுடையதில்லை என்றேன். என்னுடையது.

மறைத்திருக்கலாம். அறிக்கையில் "பொருத்தியவர்" என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். நாளை அது போகும், கூடவே என் பதவியும். வேறு ஆட்கள் வந்து முறையாகக் கழற்றுவார்கள். கடை திறக்க மூன்று வாரமாகும். பன் கிடையாது. திட்டு.

டெஸ்

7 ஏப்ரல்

டெஸ்,

உட்கூரை போயிற்று. சுத்தம் என்று சான்றிதழும் வந்துவிட்டது. நீ தொடங்கி முடித்த ஒரே வேலை அதுதான் என்று இருபத்துமூன்று வருஷம் ஊரெல்லாம் சொல்லி வந்தேன். அதையும் பிடுங்கிவிட்டாய். ஈஸ்டர் ஆர்டரையும் தின்றுவிட்டாய். மன்னிக்க மாட்டேன். எழுத்திலேயே தருகிறேன்.

நேற்று டாக்டரிடம் போனேன். நுரையீரலைப் படம் எடுக்கச் சொன்னவர், "தகட்டை அறுத்தது யாரும்மா?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. முகமூடி இல்லாமல் கைரம்பத்தால் நாள் முழுக்க அறுத்தாய். மீசை, புருவம் எல்லாம் வெள்ளை. "பாரு, கிழவனாயிட்டேன்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேருக்கும் நேரம் வாங்கியிருக்கிறேன். வராவிட்டால் காதைப் பிடித்து இழுத்து வருவேன். என் பக்கத்து நாற்காலியில் உட்காராதே. எதிரில் உட்கார், நான் பார்க்கிற மாதிரி.

லியோனி