இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்

என்னங்க, வணக்கம்.

உங்க மூட்டுவலி தேவலையா? பாப்பா ஒழுங்கா சாப்பிடறாளா? நான் சுகம்தான்.

ஆறு வருஷப் பழசு, தலைமுழுகிடுன்னு சொன்னீங்களே, அந்தப் போனைக் கடைக்குக் கொண்டுபோனேன். ஒரு மாசமா என் விரலை வச்சா திறக்கவே மாட்டேங்குது. கடைக்காரர் தன் விரலைப் புதுசா பதிவு பண்ணி வச்சுப் பார்த்தார், சட்டுனு திறந்துடுச்சு. "போன் கல்லு மாதிரி இருக்கும்மா, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். உங்க ரேகைதான் தேஞ்சுபோச்சு"ன்னார். ஓட்டல் பாத்திரத்தோட அதையும் கழுவி ஊத்திட்டேன் போல. சிரிச்சுக்கிட்டே வந்துட்டேன்.

கைக்குத் தடவ ஏதாவது களிம்பு அனுப்புங்க. வீடியோவுல கையைக் காட்டச் சொல்லாதீங்க.

வேலைக்கு மணியாச்சு. ஒண்ணு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க. வந்தப்போ ஏர்போர்ட்டுல விரலைப் பதிச்சுதானே இந்த நாட்டுக்குள்ள விட்டாங்க? அந்த ரேகை இல்லாம என்னைத் திரும்ப வெளிய விடுவாங்களா?

இப்படிக்கு,
பாப்பாவோட அம்மா