அழக்கூடாத வீடு

ஜூன் 9, திங்கள்

பெருநாள் முந்தாநாள் முடிந்தது. மாமி இந்த வருஷமும் தன் மகனுக்கு, என் புருஷனுக்கு, சட்டை எடுத்திருக்கிறார். நீலக் கட்டம். "ஆசிக் வந்து போட்டுக்கிடுவான்" என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். சரி மாமி என்றேன்.

மச்சான் வேலை பார்த்த படகு வெளிநாட்டுக் கடலில் கவிழ்ந்து மூன்றாவது வாரம். சிலர் உயிரோடு கரை சேர்ந்தார்கள். சிலர் மையத்தாகக் கிடைத்தார்கள். என் புருஷன் இரண்டிலும் இல்லை. அதே கம்பெனியில் இருக்கும் கடையத்துப் பரீது அண்ணன் தினமும் போன் பண்ணி, "தேடிக்கிட்டுதாம்மா இருக்காங்க" என்கிறார்.

செய்தி வந்த அன்று வாய்விட்டு அழப்போனேன். மாமி என் வாயைப் பொத்தினார். "அழாதட்டி. உசுரோட இருக்கவனுக்கு அழுதா அவன் ஆயுசு குறைஞ்சிரும். இந்த வீட்டுல யாரும் அழக்கூடாது."

யாரும் என்றால் யார்? வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

ஜூன் 12, வியாழன்

போனைக் கீழே வைக்க முடியவில்லை. நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கில் நிற்கிறது. வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே போனைப் பார்த்தேன். "டீச்சர், ஏழெட்டு மூணு தடவ சொல்லிட்டீங்க" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்புக்குத் தடை இல்லை பார்.

இன்னொரு கூத்து. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் கிரைண்டர் ஓடுகிறது. இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு மாவு? காலையில் இட்லி, மதியம் இட்லி, ராத்திரி தோசை. ஃபிரிட்ஜில் இடமில்லை. பக்கத்து வீட்டு சத்யபிரியா அக்காவுக்குத் தூக்குவாளி நிறையக் கொடுத்தேன். "என்ன மாஜிதா, மாவு யாவாரம் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. ஸ்ரீதேவி டீச்சர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் நல்ல மனுஷி. போனைக் காலையிலும் சாயங்காலமும் மட்டும் பாருங்கள், பசிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், யாராவது ஒருத்தரிடம் மனசு விட்டுப் பேசுங்கள் என்றார். "அழுகை வந்தா அடக்காதீங்க. அழுதிருங்க."

"எங்கன வச்சு டாக்டர்?"

"வீட்டுலதான், வேற எங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அந்த அம்மாவுக்கு என் மாமியைத் தெரியாது.

ஜூன் 21, சனி

சீசன் நன்றாக இருக்கிறது. ஸ்ரீதேவி குற்றாலத்துக்கு இழுத்துப் போனாள். புருஷனைக் காணோம், இவளுக்கு அருவிக் குளியல் கேட்கிறதாக்கும் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டுதான் போனேன்.

பெண்கள் பக்கம் ஒரே தள்ளுமுள்ளு. கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தேன். தண்ணீர் உச்சியில் விழுந்ததும் எல்லாப் பெண்களும் கத்துகிறார்கள். குளிரில் கத்துகிறார்கள், சந்தோஷத்தில் கத்துகிறார்கள். நானும் கத்தினேன். கத்தல் எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. மச்சான், மச்சான் என்று தொண்டை கிழிய அழுதேன். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லார் முகத்திலும் தண்ணீர், எல்லார் கண்ணும் சிவப்பு.

இன்று இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

மறுபடியும் போனேன், தனியாக. மாமி கேட்டார்: "தலை ஏன்டி ஈரமா இருக்கு?"

"சாரல்ல நனைஞ்சுட்டேன் மாமி."

பொய்தான். என் அழுகையை நான் கள்ளக்கடத்தல் செய்ய வேண்டியிருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

பரீது அண்ணன். குரலே சரியில்லை. ஒரு மையத்து கரை ஒதுங்கியிருக்கிறதாம். முகம் தெரியவில்லை. பெற்ற தாயின் ரத்தத்தை எடுத்து ஒத்துப் பார்த்தால்தான் யார் என்று சொல்ல முடியுமாம்.

மாமியிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அவர் எழுந்து நின்றார். "என் ரத்தத்தைக் குடுத்து என் பிள்ளைய மையத்தாக்கச் சொல்லுதியா? மாட்டேன்."

ஜூலை 5, சனி

மாட்டாங்களாம். நான் மட்டும் யாருன்னு யாராவது சொல்லுங்களேன். பொண்டாட்டியா, விதவையா? கழுத்துல கருகமணி கிடக்கு. கழட்டவும் முடியல, அதைத் தொட்டு அல்லாகிட்ட நிம்மதியா ஒரு துஆ கேக்கவும் முடியல. புருஷன் மௌத்தானா நாலு மாசம் பத்து நாள் வெளிய போகாம வீட்டோட இத்தா இருக்கணும். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டதுக்கு, "உறுதியாகாம இத்தா இல்லம்மா" என்கிறார். அப்போ துக்கம் கொண்டாடக்கூட எனக்கு உரிமை இல்ல. அது மச்சான்தானான்னு தெரியணும். இல்லைன்னாலும் தெரியணும். அந்த உடம்பு அங்கன யாருமில்லாம கிடக்கே, அதுக்காகவாவது —

மாமியோடு இன்று பேசவில்லை.

ஜூலை 9, புதன்

பள்ளிக்கூடத்தில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டுக் குற்றாலம் போனேன். வெள்ளம், குளிக்கத் தடை. தண்ணீர் செம்மண் நிறத்தில் பாறையை மறைத்துக்கொண்டு விழுகிறது. போலீஸ்காரம்மா விசிலடித்து எல்லோரையும் விரட்டினாள். அழாமலே திரும்பினேன்.

வீட்டில் கிரைண்டர் சத்தம். ஆனால் மாவு அரைபடும் சத்தமாக இல்லை, கடகடவென்று கல்லோடு கல் உரசியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை. மாமி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "வாப்பா... என் வாப்பா..." மச்சானை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

இத்தனை நாள் மாவு அதிகம் என்று முகத்தைச் சுளித்தேனே, பாவி.

உள்ளே போகவில்லை. தெருமுனை வரை போய்விட்டு வந்து, வாசலில் செருப்பைச் சத்தமாக உதறினேன். "மாமி!" கிரைண்டர் நின்றது. முகம் கழுவிக்கொண்டு வந்தார். "உளுந்து பொங்கவே மாட்டேங்குது" என்றார்.

"கடையில இப்பல்லாம் நல்ல உளுந்தே கிடைக்கலை மாமி" என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

தடை எடுத்துவிட்டார்கள். "மாமி, குற்றாலம் போவமா?"

"எனக்கெதுக்கட்டி இந்த நேரத்துல?"

"அங்கன என்ன சத்தம் போட்டாலும் யாருக்கும் கேக்காது மாமி."

மாமி எழுந்தார். பிறகு போய் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு வந்தார்.

அருவிக்கடியில் அவர் தோளை அணைத்துப் பிடித்திருந்தேன். வாய் திறந்திருந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, உடம்பு மட்டும் என் கைக்குள் குலுங்கியது. நானும் அழுதேன். பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி, "ஆச்சிக்குக் குளிருது போல, வெளிய கூட்டிட்டுப் போங்க" என்று என் காதில் கத்தினாள்.

திரும்பும்போது பஸ்ஸில், தென்காசி வரப்போகிற நேரம், மாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எங்கனட்டி போயி ரத்தம் குடுக்கணும்?"

ஜூலை 16, புதன்

கொடுத்தாயிற்று. மாமி ஊசியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 28, திங்கள்

ரத்த முடிவு இன்னும் வரவில்லை. டாக்டர் சொன்னபடி போன் காலையிலும் சாயங்காலமும் மட்டும். சாப்பிடுகிறேன். மாமியும் சாப்பிடுகிறார், நான் எதிரே உட்கார்ந்தால். நான் வரும்போது கிரைண்டர் ஓடுகிறது. வாசலில் செருப்பைச் சத்தமாக உதறிவிட்டு நுழைகிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒரு பெரிய தூக்குவாளி மாவு சத்யபிரியா அக்காவுக்கு.

ஆகஸ்ட் 6, புதன்

அது மச்சான்தான்.

பரீது அண்ணன் சொல்லிவிட்டுப் போனிலேயே அழுதார். மாமிக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா லில்லாஹி" என்று இறப்புச் செய்திக்குச் சொல்வதைத் தொடங்கி, முடிக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இனி இத்தா. அருவிக்குப் போக முடியாது. ஓடிப்போய்க் கிரைண்டர் சுவிட்சைப் போட்டேன். வெறும் கல் கடகடவென்று ஓடியது. அதன்மேல் தலையைச் சாய்த்தேன்.

மாமி சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். சுவிட்சை அணைத்தார்.

"வேண்டாம்மா. அழு. தெரு கேக்கட்டும்."

அழுதோம். தெருவே கேட்டது.

பிறகு அவரே என் கழுத்துக் கருகமணியைக் கழற்றி, பீரோவைத் திறந்து, அந்த நீலக் கட்டச் சட்டைக்குள் வைத்து மடித்தார்.

இன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சத்யபிரியா அக்காதான் நேற்று நான் கொடுத்த மாவில் இட்லி அவித்துக் கொண்டுவந்தாள். பிட்டுப் பிட்டு இரண்டு பேருக்கும் ஊட்டினாள். உளுந்து நன்றாகப் பொங்கியிருந்தது.