நீ படுக்கும் பலகை

கண்ணான தம்பிக்கு உன் அண்ணி வார்னிஷ் கையோடு எழுதுவது.

நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்டு எழுதியதற்கெல்லாம் உன்னிடமிருந்து பதில் இல்லை. கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஆபீசில் போய் நின்றால், "தகவல் வந்தா நாங்களே சொல்லி விடுறோம்மா, நீங்க சும்மா அலையாதீங்க" என்கிறார் அந்தக் கண்ணாடிக்காரர். நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. உங்கள் கப்பலையே காணவில்லை என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். உன் அண்ணன் காதில் அது விழுந்த மாதிரியும் இல்லை, விழாத மாதிரியும் இல்லை. விடிந்தால் படகு கட்டுகிற கொட்டகை, பொழுது சாய்ந்தால் வீடு. வாயைத் திறப்பது சோற்றுக்கு மட்டும்.

படகு முடிந்துவிட்டது. கடைசியாகச் செய்தது, உள்ளே நின்று நடக்கத் தளப்பலகை பதிக்கிற வேலை. மழைக் காலத்தில் இதை எடுக்காதீர்கள் என்று தலையால் அடித்துக்கொண்டேன். "அவன் வர்றதுக்குள்ள முடிக்கணும்" என்று சொல்லிவிட்டார். ஈரம் ஏறினால் பலகை ஊதும், ஊதின பலகை எந்த இடத்திலும் ஒழுங்காக உட்காராது. அதனால் காவல் வேலை என் தலையில். தரையில் படாமல் ரீப்பர் கட்டை வைத்து அடுக்கினேன். நடுவில் காற்றுப் போக இடம் விட்டேன். தார்ப்பாய் போட்டு மூடினேன். மேலே, கீழே, சுற்றி விளிம்பு எல்லாம் வார்னிஷ் அடித்தேன். விளிம்பில்தான் கவனம் வேண்டும். மரம் தண்ணீர் குடிப்பது அந்த வழியாகத்தான்.

வார்னிஷ் கடை மூக்கரை உனக்குத் தெரியுமே. பலகையை மோந்து பார்த்தே உள்ளே ஈரம் இருக்கா இல்லையா என்று சொல்லிவிடுவார். "ஒளிச்சு வச்சு ஒரு பிஸ்கட் திங்க முடியுதா இந்த மனுசனோட? தெருமுனையிலயே, என்னடி பிஸ்கட்டான்னு கேட்டுக்கிட்டு வர்றாரு" என்று அவர் பெண்டாட்டி என்னிடம் அழாத குறை. இப்போதெல்லாம் அவள் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து தின்றுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வருகிறாளாம். எதற்கோ ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன்.

இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்துப் பலகையைச் சொல்ல வந்தேன். கொட்டகைத் தரையில் உன் அண்ணன் சாக்பீஸால் படகை வரைந்தபோது நீ அந்தக் கோட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, "அண்ணே, இத மட்டும் கொஞ்சம் நீளமா போடு, காலு வெளிய போவுது, இது என் இடம்" என்றாயே, அந்தப் பலகைதான். நீளமாகவே போட்டார்.

வைத்த மறுநாள் காலை போய்ப் பார்த்தால் அதன்மேல் தண்ணீர். மற்ற பலகைகள் எல்லாம் காய்ந்து கிடக்கின்றன. முதலில் உன் அண்ணன் செய்த கூத்து என்றுதான் நினைத்தேன். விரல் விட்டுத் தூக்குகிற ஓட்டையை வார்னிஷ் காய்ந்த பிறகு துளைத்திருந்தார், ஓட்டைக்குள் வெறும் மரம். "ஊருக்கே படகு கட்டின ஆளு, ஓட்டைய மறந்துட்டீங்களே" என்று கேலி செய்தேன். பலகையை வெயிலில் காயவைத்து, ஓட்டைக்குள் சின்னப் பிரஷ்ஷை விட்டு அடித்து, திரும்ப வைத்தோம்.

மறுநாளும் தண்ணீர். கூரையில் ஒழுகல் இல்லை. மேலே போட்ட தார்ப்பாய் காய்ந்திருக்கிறது. பலகையைத் தூக்கிப் படகின் அடிவயிற்றைத் தடவினேன், தூசிதான் கையில் ஒட்டியது. முட்டுக்கட்டையில் நிற்கிற படகு, தண்ணீரையே இன்னும் பார்க்காதது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. உன் அண்ணனிடம் சொன்னதற்கு, "என் வேர்வையா இருக்கும், போ" என்றார்.

மூக்கரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து மோந்தார். குனிந்தவர் நிமிர வெகுநேரமாயிற்று. "இது மழத் தண்ணி இல்லம்மா. ரொம்ப ஆழத்துல கெடந்த தண்ணி" என்றார். ஊற்றிக் கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. வார்னிஷ் டப்பாவை யார் கையிலாவது கொடுத்து அனுப்புகிறார்.

உன் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. துடைத்த கையோடு, சரியாகக் காயுமுன்னே இன்னொரு கோட்டிங் அடித்துவிட்டார். ஈரத்தின் மேல் அடித்தால் வார்னிஷ் பால் மாதிரி வெளுத்துப்போகும், அது தெரிந்த கதைதான். ஆனால் அது வெளுத்த விதம் இருக்கிறதே தம்பி. அதுவரைக்கும் வெறும் தண்ணீர் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளுத்த பிறகுதான் அந்த ஆள் உருவம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே கொடுத்து, இஞ்சின் பெட்டியைப் பார்த்தபடி. என் அடுப்படித் தரையில் அப்படிக் கிடப்பவனைச் சட்டியும் கையுமாக எத்தனை காலம் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். யாரென்று எனக்கு ஒருவர் சொல்ல வேண்டுமா?

உப்புத்தாளை எடுத்துக்கொண்டு தேய்க்கப் போனேன். உன் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "எழுப்பாத" என்றார். சத்தமே இல்லாமல்.

அன்றிலிருந்து ஆள் மாறிவிட்டார். மற்ற பலகை எல்லாவற்றையும் பசை வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டார். அதை மட்டும் சும்மா வைத்திருக்கிறார். வேலை முடிந்து கிளம்பும்போது தார்ப்பாயை முழுக்க மூடுவதில்லை. தோள் வரைக்கும் இழுத்துவிட்டு வருகிறார். ஆபீசிலிருந்து ஏதாவது தகவல் வந்தால் தெரியவேண்டுமே, போனைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "போன் எதுக்கு, ஆளுதான் இங்க வந்துட்டானே" என்று சிரித்தார். நீ போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிக்கமாட்டாரா என்று ஏங்கினவள்தான் நான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் போனை எடுத்து நானே என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இன்று காலை அவருக்கு முன்னே நான் கொட்டகைக்குப் போனேன். வார்னிஷ் கல்லாய்க் காய்ந்திருக்கிறது, நகத்தால் கீறினால் கோடு விழவில்லை. அப்படிக் காய்ந்த வார்னிஷுக்கு அடியில் அது திரும்பிப் படுத்திருக்கிறது. இப்போது முகம் வாசல் பக்கம். நடுவில் கிடந்தது, பலகை ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கிறது. பக்கத்தில் இன்னொரு ஆள் படுக்க இடம் விட்டு.

நாளைக்குப் படகை இழுக்க டிராக்டர் வருகிறது. முதல் ஓட்டத்துக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கெஞ்சினேன். "வேற யாரும் வேணாம், நாங்க ரெண்டு பேரு போதும்" என்கிறார். நானும் ஏறுகிறேன் என்றேன். "உனக்கு அங்க எடம் இல்லம்மா" என்றார், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

அதனால்தான் அவசரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். இதைத் தபாலில் போடப்போவதில்லை. அவர் டிராக்டர்காரரைப் பார்க்கப் போயிருக்கிறார். வருவதற்குள் உன் பலகையைத் தூக்கி அடியில் வைத்துவிடுவேன். பிளாஸ்டிக் கவரில் போடவில்லை. நனையட்டும் என்றுதான் அப்படியே வைக்கிறேன்.

நீ எங்கேயாவது ஒரு கரையில் சௌக்கியமாக இருந்தால், அண்ணிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. அந்த ஒரு வார்த்தை போதும், இவரைக் கையைப் பிடித்து இழுத்து வீட்டில் உட்காரவைத்துவிடுவேன்.

அப்படி இல்லையென்றால், தனியாக இருக்க உனக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். குளிரும். கம்பளி ஒன்று மடித்து வைக்கிறேன், எடுத்துக்கோ. எனக்கு எப்போது தோன்றினாலும் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து, தெருக்கதை எல்லாம் ஒன்று விடாமல் சொல்கிறேன். இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து நீ கேட்டு நான் இல்லை என்று சொன்னது ஒன்றும் கிடையாது. இவரை மட்டும் கேட்காதே, கண்ணு. எங்கே இருந்தாலும் நல்லா இரு. அவரைக் கரையில் விட்டுவிட்டு இரு.

உன் அண்ணி